காதுக்குள் வழிதவறிய துகள்கள்

“படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. இதற்கு ஏன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள்?” என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன என்பது பள்ளிப் பாடம். அவற்றை ஒட்டியுள்ள யூட்ரிக்கிள் என்ற பையில், தலையின் சாய்வை உணர்வதற்காக நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்திருக்கின்றன. முதுமையாலோ தலையில் பட்ட அடியாலோ அவற்றுள் சில உதிர்ந்து, பெரும்பாலும் பின்புறக் குழலுக்குள் இறங்கிவிடுகின்றன. அதன்பின் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் துகள்கள் சரிந்து குழலின் நீரையும் உடன் இழுப்பதால், தலை நின்ற பின்னும் அது சுழல்வதாகவே மூளைக்குச் செய்தி போகிறது.

இதைக் கண்டறிய மருத்துவர் நோயாளியின் தலையைச் சோதிக்கவேண்டிய காதின் பக்கமாக 45 பாகை திருப்பி, கட்டிலின் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி விரைவாகப் படுக்க வைக்கிறார். பார்ப்பதோ காதை அல்ல, கண்களை. முதல் சில நொடிகள் ஒன்றும் நிகழாது. துகள்கள் சரியத் தொடங்கியதும் கருவிழிகள் அந்தக் காதின் பக்கமாக வெட்டி வெட்டிச் சுழலும். துகள்கள் குழலின் அடியில் தங்கியதும், பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள், விழிகளின் சுழற்சி அடங்கிவிடும். கண்ணுக்கு எட்டாத ஒரு குழலுக்குள் நடப்பதை இவ்வளவு துல்லியமாக விழிகள் காட்டுவது எனக்கு இன்றும் வியப்பே.

சிகிச்சை இன்னும் அழகானது. வலக்காது என்றால், அதே நிலையிலிருந்து தலையை இடப்பக்கம் 90 பாகை திருப்பி, பிறகு உடலோடு மேலும் 90 பாகை உருட்டி, முகம் தரையை நோக்கியபின் எழுப்பி உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் போலக் காத்திருக்க, வளைந்த குழாய்க்குள் மாட்டிய கோலிக்குண்டு போலத் துகள்கள் குழலைச் சுற்றி வந்து யூட்ரிக்கிளிலேயே விழுகின்றன. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்து 1992இல் வெளியிட்ட முறை இது. மருந்தோ கத்தியோ வேண்டியதில்லை. விற்பதற்கு ஒன்றுமில்லாத இத்தகைய ஆய்வுகளுக்குத்தான் பொதுப்பணம் முதலில் போகவேண்டும் என்பேன்.

எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.எஸ். பயிலும் காது, மூக்கு, தொண்டைத் துறை மாணவர்கள், இறந்தோர் உடலிலிருந்து எடுத்த, உட்செவியைத் தன்னுள் கொண்ட பொட்டெலும்பை நுண்ணோக்கியின் கீழ்த் துளைத்துப் பழகுகிறார்கள். எந்தக் குழல் எத்திசையில் வளைகிறது என்பது கைக்குப் பழகுவது அங்கேதான்.

நம் வீடுகளில் இதே தலைச்சுற்றலுக்குப் பித்தம் என்று பெயரிட்டு எலுமிச்சைச் சாறு கொடுப்பதுண்டு. பல நேரங்களில் துகள்கள் சில வாரங்களில் தாமாகவே கலைந்துவிடுவதால், பெயர் சாற்றுக்குப் போய்விடுகிறது. பேச்சுக் குழறலோ இரட்டைப் பார்வையோ சேர்ந்து வந்தால் மட்டும் இது வேறு நோயாக இருக்கலாம்; சாறு பிழிய நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.