சேம்பர் மியூசிக்: அறை இசையா, கூடத்து இசையா?

செங்கல் வாங்கப் போகிறவருக்குச் 'சேம்பர்' என்றால் சூளை. வழக்குக்காக அலைகிறவருக்கு வக்கீலின் அலுவலகம். 'சேம்பர் மியூசிக்' என்பதில் வருவதும் அதே சொல்தான். அங்கே அதன் பொருள் வெறும் 'அறை'.

கிரேக்கத்தில் 'கமரா' என்றால் வளைவுக் கூரை. லத்தீனில் அது 'கேமரா' ஆகி, கூரைக்குக் கீழே உள்ள அறையைக் குறித்தது. பிரெஞ்சில் 'ஷாம்ப்ர்', அங்கிருந்து ஆங்கிலத்தில் 'சேம்பர்'. போர்த்துக்கீசியர் வழியே இந்திக்கு வந்த 'கம்ரா', இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வரும் 'காம்பரா' எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையில் இசைக்காரர்கள் மூன்று பிரிவு: தேவாலயத்துக்கு, குதிரை லாயத்துக்கு, அறைக்கு. லாயத்துப் பிரிவினர் ஊர்வலத்திலும் திறந்த வெளியிலும் ஊதி முழக்கினார்கள். ஆக, 'அறை' என்பது முதலில் வாசிக்கும் இடத்தைத்தான் சொன்னது. இன்றைக்கு ஒரு சிலர் மட்டும், முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துகிறவர் இல்லாமல், ஆளுக்கொரு பகுதியாக வாசிப்பதைச் சொல்கிறது.

அறை சிறியதாக இருந்ததால்தான் இந்த இசைக்குள் கவிதையும் காதலும் இவ்வளவு எளிதாகப் புகுந்தன என்று நினைக்கிறேன். பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் தான் மணக்கவிருந்த மத்தில்துக்காக எழுதிய கவிதைகளில் ஒன்பதை எடுத்து, 1892 முதல் 1894 வரை இசையமைத்தார் கப்ரியேல் ஃபோரே. தொகுப்பின் பெயர் 'லா பொன் ஷான்சோன்', அதாவது 'நல்ல பாட்டு'. ஃபோரேயின் மனதில் இருந்தவர் பாடகி எம்மா பர்தாக். இருவருமே வேறு வேறு இடத்தில் மணமானவர்கள். ஃபோரே எழுத எழுத எம்மா பாடிப் பார்த்தார். 1898இல் அதே பாடல்களுக்குப் பியானோவோடு ஐந்து நரம்புக் கருவிகளையும் சேர்த்தார் ஃபோரே. எம்மா பின்னாளில், 1908இல், இன்னொரு இசையமைப்பாளரான டெபுஸ்ஸியை மணந்தார். ஓரிரு கருவிகளுக்கான பல பகுதி இசைப் படைப்பைச் 'சொனாட்டா' என்பார்கள்; டெபுஸ்ஸி கடைசியாக எழுதிய மூன்று சொனாட்டாக்களும் எம்மாவுக்கே காணிக்கை. இப்படி ஒரே பெண்ணின் வழியே இரண்டு பெரிய இசைமேதைகளின் அறை இசை நமக்கு வந்திருக்கிறது.

இலக்கியத்தில் பிரெஞ்சு நாவலாசிரியர் மார்சல் ப்ரூஸ்ட். அவருடைய நாவலில் வெந்தெய் என்ற கற்பனை இசையமைப்பாளரின் வயலின் சொனாட்டா வருகிறது. அதிலுள்ள ஒரு சின்ன இசைத்துணுக்கு, கதையின் காதலர்களான ஸ்வானுக்கும் ஓதெத்துக்கும் அவர்களுடைய காதலின் தேசிய கீதம் போல ஆகிவிடுகிறது. காதல் வற்றிய பிறகு ஸ்வான் அதை மறுபடி கேட்கும் இடம் அந்த நாவலின் உச்சங்களில் ஒன்று. 1916இல் ப்ரூஸ்ட், நால்வர் குழு ஒன்றை இரவில் தன் வீட்டுக்கே வரவழைத்து, இசையமைப்பாளர் செசார் ஃபிராங்க் நால்வர் வாசிக்க எழுதிய குவார்ட்டெட்டை வாசிக்கக் கேட்டார். சத்தம் புகாமல் இருக்கச் சுவரெல்லாம் தக்கை பதித்த அறையில் வாழ்ந்தவர் அவர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அறையிசை' என்று எழுதுகிறார்கள். பொருள் நேரானது. ஆனால் 'அறை' நமக்கு வினையும்கூட. பறை அறைகிறோம், முரசு அறைகிறோம். சேர்த்து எழுதினால் 'அறையிசை' வினைத்தொகையாகி, அறைந்து எழுப்பும் இசை என்றும் படிக்கலாம். அடங்கிய குரலில் பேசும் இசைக்கு இது நேர் எதிர். அதனால் 'அறை இசை' என்று பிரித்து எழுதுவதே நல்லது.

பாரிஸ் சலோன்களில், அதாவது வசதியானவர்கள் வீட்டுக் கூடத்தில் விருந்தினர் கூடிய சபைகளில், நடந்ததைச் சொல்லும்போது 'கூடத்து இசை' எனக்கு இன்னும் பிடிக்கிறது. வீட்டுக் கூடத்தில் வேண்டியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து கேட்பது சட்டென்று கண்ணில் வருகிறது. ப்ரூஸ்ட் அந்த இரவில் கேட்டதை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அது அறை இசையேதான்.