வலிக்குதுன்னு சொன்னா அது சாக்கா?

அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு அணியின் ரன் டிஃபென்ஸ், அதாவது பந்தோடு ஓடி வருகிறவரைத் தடுக்கும் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை சரிந்தால் திங்கட்கிழமை முழுக்க அதே பேச்சுதான். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவனை ஏன் பிடிக்கவில்லை என்று மைக்கை நீட்டிக் கேட்பார்கள். வீரரும் ஏதோ சொல்வார். தோள் சரியில்லை, கால் விரலில் வலி, என்னை வழக்கமான இடத்தில் நிறுத்தவில்லை. அவ்வளவுதான், ரசிகர்கள் இரண்டு கட்சி. "கோடி கோடியா வாங்குறான், பேச்சைப் பாரு" என்று ஒரு கட்சி, "அடிபட்டவனை ஏன்யா திட்டுறீங்க" என்று இன்னொன்று. இங்கே டெக்சாஸில் நம் ஊர்க்காரர்கள் யார் வீட்டிலாவது கூடி மேட்ச் பார்க்கும்போதும் இதே சண்டைதான். நடுவில் பஜ்ஜி மட்டும் கூடுதல்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஃபுட்பால் ஆடும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் தோளும் கழுத்தும் கணுக்காலும்தான் என் பிழைப்பு. அந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கட்சிக்காரர்களுமே ஒன்றைக் கவனிப்பதில்லை. அமெரிக்க ஃபுட்பாலில் மறைத்து வைத்த அடி முதலில் வெளியே தெரிவது ரன் டிஃபென்ஸில்தான். வீரர் சொல்லும் காரணத்தைச் சாக்கு என்று ஒதுக்கினாலும், பாவம் என்று அப்படியே ஏற்றுக்கொண்டாலும், சோதித்துப் பார்க்க வேண்டியது சோதிக்கப்படாமலே போய்விடுகிறது.

ஊரில் கபடி பார்த்தவர்களுக்கு ரன் டிஃபென்ஸ் சுலபமாகப் புரியும். பாடி வருகிறவரின் காலை ஒருவர் பிடித்தால் மற்றவர்கள் வளைத்து மூட வேண்டும். சங்கிலியில் ஒரு கை விட்டால் அவர் கோட்டைத் தொட்டுவிடுவார். கூட்டம் திட்டுவது கடைசியாகக் கை நழுவியவரை. முதலில் விட்டது வேறு ஆளாக இருக்கும். இங்கேயும் அப்படித்தான். ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடும் எதிரணித் தடுப்பாளர்களுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு சந்துக்கும், இவர்கள் 'கேப்' என்பதற்கு, ஒரு ஆள் பொறுப்பு. முன்வரிசை நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிளுக்குப் பல சமயம் ஓடுகிறவரைப் பிடிக்கிற வேலையே கிடையாது. 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது இடத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும், அது போதும். அவர் நகர்ந்தால் அந்த இருவரில் ஒருவர் கழன்று போய் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரரை மறித்துவிடுவார். டிவியில் நமக்குத் தெரிவது லைன்பேக்கர் தடுமாறியது மட்டும்.

இதற்கு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் 2006 இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த சீசனில் 12 ஆட்டம் ஜெயித்து 4 தோற்ற அணி. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் எறிந்து எறிந்து ஜெயித்துக்கொண்டிருந்தார். ஆனால் எதிரணிகள் அவர்களுக்கு எதிராக ஆட்டத்துக்குச் சராசரி 173 யார்டு ஓடின. லீகிலேயே கடைசி இடம். டிசம்பர் 10 அன்று ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் ஒரே ஆட்டத்தில் 375 யார்டு ஓடி 44-17 என்று அடித்துத் துவைத்தார்கள். பயிற்சியாளர் டோனி டஞ்சி புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் கேப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பழைய பாடத்தையே நடத்தினார். பக்கத்து ஆள் விட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கப் போனால் தன் சந்து திறந்துவிடும் என்பது அந்தப் பாடத்தின் சாரம். வெளியிலிருந்து கேட்டவர்களுக்கு அது சப்பைக்கட்டு மாதிரிதான் பட்டிருக்கும்.

அந்த அணியில் பாப் சாண்டர்ஸ் என்று ஒரு சேஃப்டி, தடுப்பில் கடைசி வரிசையில் நிற்கிறவர். உயரம் 5 அடி 8 அங்குலம், ஆனால் ஓடி வந்து மோதினால் ஓடுகிறவர் நின்ற இடத்திலேயே விழுவார். முழங்கால் தொல்லையால் அந்த சீசனின் 16 ஆட்டங்களில் 4-இல்தான் ஆடியிருந்தார். பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குத் திரும்பினார். முதல் ஆட்டத்தில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி ஓடியது மொத்தம் 44 யார்டு. லாரி ஜான்சன் என்ற பெரிய ஓட்டக்காரருக்கு அதில் 32. அங்கிருந்து பால்டிமோர், நியூ இங்கிலாந்து அணிகளைத் தாண்டி, 2007 பிப்ரவரி 4 அன்று சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியில் சிகாகோ பேர்ஸை 29-17 என்று ஜெயித்துக் கோப்பையும் தூக்கிவிட்டார்கள். சாண்டர்ஸ் ஒருவரால்தான் எல்லாம் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். சீசன் நடுவில் டேம்பாவிலிருந்து ஆண்டனி மெக்ஃபார்லண்ட் வந்திருந்தார், லைன்பேக்கர் இடத்தில் ராப் மோரிஸ் இறங்கினார். ஆனாலும் டிசம்பரில் "ஆள் இல்லை, அதனால்தான்" என்று யாராவது சொல்லியிருந்தால் சாக்கு என்றுதான் சிரித்திருப்போம். ஜனவரியில் பார்த்தால் அதில் பெரும்பகுதி உண்மை.

அடுத்த ஆண்டு சாண்டர்ஸுக்கு லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனிலும் ஏதாவது ஒரு அடி. அந்த உடம்பால் அப்படி மோதியதற்குக் கொடுத்த விலை என்றுதான் என் மாதிரி ஆட்கள் அதைப் படிப்போம்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். பாஸை, அதாவது எறியும் பந்தை, தடுக்கும்போது ஒரு வீரருக்கு வேண்டியது வேகம், கணிப்பு, திரும்பும் லாவகம். ரன்னைத் தடுக்க அது போதாது. காலைத் தரையில் ஊன்றி, இடுப்பை இறக்கி, தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்ட வேண்டும். தோள் மூட்டின் குழியைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற வளையம் கிழிந்தவர் நன்றாகவே ஓடுவார். தோள் நழுவாமலிருக்க ஜெர்சிக்குள் பிரேஸ் என்ற பிடிப்புப் பட்டை போட்டிருப்பார், அது கையை அகல விரிக்க விடாது. தன் பக்கவாட்டில் ஓடுகிறவரை எட்டிப் பிடிக்கும்போது பிடி பாதியில் நின்றுவிடும். ரசிகர் கண்ணுக்கு அது 'மனசில்லாமல் கையை நீட்டியது'. கை எலும்பு முறிந்து பெரிய கட்டோடு ஆடுகிறவரை யாரும் திட்டுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டு கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் வித்தியாசம்.

கால் கட்டைவிரலைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். 'டர்ஃப் டோ' என்பது கட்டைவிரல் பின்னோக்கி அளவுக்கு மீறி வளைந்து, அடியில் உள்ள தசைநார்கள் கிழிவது. முன்வரிசையில் நிற்கிறவர் முன்னால் தள்ளும் விசை முழுக்கக் கடைசியில் அந்த விரல் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஜாக் லாம்பர்ட் நான்கு சூப்பர் பௌல் ஜெயித்தவர், முன்பற்கள் இல்லாத அந்த முகமே எதிரணிக்குப் பயம் காட்டும். 1984 சீசனில் கட்டைவிரலில் பட்ட அடியோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. லாம்பர்ட்டை யாரும் சாக்கு சொல்கிறவர் என்று சொல்லிவிட முடியாது.

"காயப் பட்டியலில் பேரே இல்லையே?" என்பது அடுத்த கேள்வி, எப்போதும் வரும். என்எஃப்எல் அணிகள் வாராவாரம் காய விவரம் வெளியிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு வீரர் ஆட்டத்தில் இறங்குவாரா என்பதைத்தான் அந்தப் பட்டியல் பெரும்பாலும் சொல்கிறது. எத்தனை பங்கு பலத்தோடு இறங்குகிறார் என்பது அதில் இருக்காது. 2016-லிருந்து 'அநேகமாக ஆடுவார்' என்ற வகையையும் எடுத்துவிட்டார்கள். வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்கினால் வலி மட்டும்தான் குறையும், பலம் திரும்பாது. வீங்கிய மூட்டைச் சுற்றியுள்ள தசையை நரம்பு மண்டலமே அடக்கி வைக்கும். மன உறுதியால் அதை மீற முடியாது.

என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளி அணியில் லைன்பேக்கர், நம் ஊர்க் குடும்பம். அப்பா உள்ளே வந்ததும் சொன்னது, "டாக்டர், இவன் எப்பவுமே ஒரு காரணம் வச்சிருப்பான்." பையன் தலையைக் குனிந்துகொண்டான். போனில் மேட்ச் வீடியோ இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓடுகிறவன் இவனுக்கு வலப்பக்கமாக வருகிறான். வலது தோளால் மோத வேண்டிய இடம். இவன் ஒரு எட்டு கூடுதலாக வைத்து, உடம்பைத் திருப்பி, இடது தோளைக் கொடுக்கிறான். அந்த ஒரு எட்டில் ஓடுகிறவன் தாண்டிவிடுகிறான். அடுத்த வீடியோவிலும் அதே எட்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தினேன். இடது கை அசையவில்லை, வலது கை இறங்கிவிட்டது. கழுத்தை வலப்பக்கம் சாய்த்துப் பின்னால் கொண்டுபோனதும் கட்டைவிரல் வரைக்கும் எரிகிறது என்றான்.

இதை 'ஸ்டிங்கர்' என்பார்கள். மோதும்போது தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபட்டோ, கழுத்து நெருங்கியோ, கைக்கு வரும் நரம்புகள் அடிபடுவது. தோளிலிருந்து கை வரை சுரீரென்று எரியும், மரத்துப்போகும். பெரும்பாலும் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ சரியாகிவிடும், அதனால்தான் பிள்ளைகள் சொல்வதில்லை. இவனுக்கு அந்த சீசனில் பல தடவை வந்திருக்கிறது. கோச்சிடம் கேட்டால் தூங்கும்போது கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். விளையாட்டு மருத்துவரிடம் அனுப்பினேன், கழுத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள், பலம் இரண்டு பக்கமும் சமமாகும் வரை உட்கார வைத்தோம். அப்பா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு அந்த எட்டு எவருக்கும் தெரியும்.

சாக்கே கிடையாதா என்றால், உண்டு. நானும் பார்க்கிறேன். டிஃபென்சிவ் டேக்கிள் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் வாஷிங்டன் அணி அவரோடு போட்டது 7 ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம். 2010-இல் மைக் ஷானஹன் பயிற்சியாளராக வந்து தடுப்பு முறையை மாற்றினார், முன்வரிசையில் மூன்றே பேர். இந்த முறை எனக்கு ஒத்துவராது என்று ஹேன்ஸ்வொர்த் மறுத்தார், சீசனுக்கு முந்தைய பயிற்சிகளுக்கு வரவில்லை. முகாமுக்கு வந்ததும் உடல்தகுதி ஓட்டத்தில் பல நாள் தொடர்ந்து தேறவில்லை. கடைசியில் சீசனின் இறுதி நான்கு ஆட்டங்களுக்கு அணி அவரை விலக்கி வைத்தது. அவர் சொன்னதில் பாதி நியாயம்தான் என்பது என் கருத்து. கேப்பைப் பிளந்து உள்ளே பாய்வதிலேயே பேர் வாங்கிய ஒருவரை, நின்ற இடத்தில் இரண்டு பேரைத் தாங்கு என்றால் அது வேறு வேலை. ஆனால் மூச்சு வாங்காமல் ஓட முடிகிற உடம்போடு முகாமுக்கு வருவதற்கும் தடுப்பு முறைக்கும் சம்பந்தமே இல்லை. நியாயமான பாதியும் அந்த இன்னொரு பாதியால் எடுபடாமல் போனது.

எனவே நான் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. எந்தப் பக்கம்? எப்போதிலிருந்து? எந்த மாதிரி மோதலில்? உண்மையான அடி இருந்தால் பதில் வாராவாரம் ஒன்றாகவே இருக்கும், வீடியோவிலும் அதே பக்கம்தான் சறுக்கும். ஒரு வாரம் தோள், மறுவாரம் மைதானம், அதற்கடுத்த வாரம் நடுவர் என்று மாறிக்கொண்டே இருந்தால் உடம்பை விட்டுவிட்டு வேறு எதையாவது பேச வேண்டியிருக்கும். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியான நான்காவது குவார்ட்டரில் மட்டும் இரண்டு பக்கமும் சறுக்கினால் பெரும்பாலும் தகுதிக் குறைவு. கோடைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் தீரும், அதற்கு என்னிடம் வரவே வேண்டாம்.

பெற்றோருக்குச் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டிங்கர் ஒரு கையில்தான் வரும். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ வந்தால், அல்லது காலிலும் வந்தால், அது தண்டுவடமாக இருக்கலாம். அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது, நேராக அவசரப் பிரிவு. தலையில் அடிபட்ட சந்தேகம் இருந்தால் டெக்சாஸில் 2011-இலிருந்தே சட்டம் இருக்கிறது. பள்ளி மாணவரை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. கோச் சொன்னார், பையனே சொன்னான் என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஆட்டத்துக்கு முன்னால் வலி வராமலிருக்க மாத்திரை கொடுத்து அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். டெக்சாஸ் வெயிலில் வியர்த்துக் கொட்டும் பிள்ளையின் சிறுநீரகத்துக்கு அது நல்லதில்லை, மோதலில் பட்ட அடியையும் மறைத்துவிடும்.

கேலரியில் உட்கார்ந்து "தலையைக் குனிஞ்சு முட்டுடா" என்று கத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலையைக் குனிந்து ஹெல்மெட்டின் உச்சியால் மோதுவதைப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976-லேயே தடை செய்தார்கள். அப்படி மோதும்போது கழுத்து நேராகி, மோதல் முழுவதும் கழுத்து எலும்பில் இறங்குகிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்து போன பிள்ளைகள் அந்தத் தடைக்குப் பிறகுதான் வெகுவாகக் குறைந்தார்கள். உங்கள் மகன் தலையை வெளிப்பக்கம் வைத்து, தோளால் தொடையைக் கட்டி விழுத்தாட்டினால், பார்க்க அவ்வளவு ஆக்ரோஷமாக இருக்காதுதான். அவனுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மைதானத்தில் ஒரு பிள்ளை கழுத்து வலி என்று படுத்தே கிடந்தால் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள். ஹெல்மெட்டும் தோள் கவசமும் சேர்ந்துதான் கழுத்தை நேராகத் தாங்கிக்கொண்டிருக்கும். அடிபட்டவர்களைப் பார்க்க அணியோடு இருக்கும் அத்லெட்டிக் ட்ரெய்னரோ ஆம்புலன்ஸ்காரர்களோ வரும்வரை தலையை அசைக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள், விரல்களை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள், அவன் சொல்வதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள்.