சஹனில் உங்கள் பங்கு எது?

பெங்களூரு பிரேசர் டவுனில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரத்துக்காக டேனரி ரோடு பக்கம் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள், கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்து வந்த ஐடி பிள்ளைகள், அவர்களோடு வந்துவிட்ட வாப்பா, உம்மா. முதல் சந்திப்பில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: ஒரு வேளைக்கு எத்தனை கப் சோறு? காயல்பட்டினத்துக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். விருந்தில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றிப் பலரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் கப் கணக்கு கேட்டால் அவர் என்ன சொல்வார்?

அதற்கான விடை அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஹதீஸிலேயே (நபிமொழியிலேயே) இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமா. சாப்பிடும்போது அவருடைய கை தட்டு முழுக்க அலைந்தது. “பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் சாப்பிடு, உனக்கு அருகில் இருப்பதிலிருந்து சாப்பிடு” என்று நபியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிற செய்தி இது. அருகில் இருப்பது எது என்று முடிவானால் அளவும் முடிவாகிவிடுகிறது. சஹனில் உங்கள் முன்னால் இருக்கும் பகுதிதான் உங்கள் பங்கு என்று சர்க்கரை நோயாளிகளிடம் சொல்வேன். அதிலும் முதலில் பச்சடியும் கறியும், அப்புறம் சோறு. காய்கறியும் புரதமும் முன்னால் போனால், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். பங்கு தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் பக்கம் கை போகாது என்பதால் இந்தக் கணக்கு ஏமாற்றாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் வேறு மாதிரி. விரலைச் சப்பினால் செரிமான நொதி சுரக்கும், தரையில் உட்கார்ந்தால் இன்ன நோய் வராது என்று நபியவர்கள் சொன்ன ஒவ்வொரு சாப்பாட்டு ஒழுங்குக்கும் ஒரு ‘அறிவியல்’ கண்டுபிடித்து ஒட்டுகிறார்கள். இவற்றை என் நோயாளிகளுக்கு நான் சொல்வதில்லை. விரலையும் தட்டையும் வழித்துச் சாப்பிடச் சொன்ன ஹதீஸே காரணத்தையும் சொல்லிவிடுகிறது: உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதாவது, எதையும் வீணாக்காதே. 2022-ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி வீடுகளில் வீணானது. இதற்குமேல் நொதியைத் தேடிப் போக வேண்டுமா?

இந்த ஒழுங்குகளைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவை சாப்பிடுகிறவரின் வயிற்றைவிடப் பக்கத்தில் இருப்பவரைப் பற்றியவை. கூட இருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் இரண்டு பேரீச்சம்பழங்களைச் சேர்த்து எடுக்காதே. பாத்திரத்துக்குள் மூச்சு விடாதே. பிறருக்குக் குடிக்கக் கொடுப்பவர் கடைசியாகக் குடிக்கட்டும். இருவரின் உணவு மூவருக்குப் போதும். அடுத்தவரை நினைத்துச் சாப்பிடும்போது கை தானாகவே மெதுவாகிறது, உடம்புக்கு அதுவே போதும். வயிறு நிறைந்தது மூளைக்கு உறைக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். எலக்ட்ரானிக் சிட்டி பிஜி அறையில் இரவு பதினொரு மணிக்கு, லேப்டாப் முன்னால், டப்பாவில் வந்த பிரியாணியைத் தனியாகச் சாப்பிடுகிற பையன் அதை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடுவான். அந்த அறையில் பக்கத்தில் யாருமில்லை. ‘அருகில் இருப்பது’ என்ற எல்லையும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் டயட் சார்ட்டைக் கொடுப்பதற்கு முன்னால், அறைத் தோழனோடு சுப்ரா (சாப்பாட்டு விரிப்பு) விரித்து உட்காரச் சொல்கிறேன். போன் வேறு இடத்தில் இருக்கட்டும். சாய்ந்துகொண்டும் சாப்பிட வேண்டாம். நபியவர்கள் அப்படிச் சாப்பிட்டதில்லை. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு நாங்கள் சொல்கிற அறிவுரையும் அதுதான்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு. திர்மிதி என்ற தொகுப்பில் வரும் இந்த ஹதீஸ் எல்லோருக்கும் மனப்பாடம், ஆனால் அதன் முன்பாதி பலருக்கு நினைவில் இருப்பதில்லை. முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும், அதற்குமேல் வேண்டும் என்றால்தான் அந்த மூன்று பங்கு. ஆக, அது உச்சவரம்பு. ரமலானில் மாஸ்க் ரோடு கடைகளில் நோன்பு திறக்கும் மஃரிப் தொழுகை நேரத்துக்கும் இரவின் தராவீஹ் தொழுகைக்கும் நடுவில் நாம் செய்வது வேறு. பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து, தொழுதுவிட்டு, பிறகு நிதானமாகச் சாப்பிடுவதுதான் பழைய முறை. கஞ்சியோடு சமோசா, ஹலீம், ஃபலூதா எல்லாம் ஒரே மூச்சில் போனால் நோன்பு மாதத்தில் எடை கூடத்தான் செய்யும்.

அடுத்தது எனக்குக் கோபம் வருகிற விஷயம். நபியவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. பிடித்தால் சாப்பிட்டார்கள், இல்லையென்றால் விட்டுவிட்டார்கள். நம் விருந்துகளில் இரண்டு பக்கமும் தொல்லை. ஒருவர் “உங்களுக்குத்தான் சுகர் இருக்கே” என்று எல்லோர் முன்னாலும் தட்டைப் பார்த்துச் சொல்வார். இன்னொருவர் “ஒரு கரண்டி போட்டா ஒண்ணும் ஆகாது” என்று மேலே கொட்டுவார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023-ல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. எந்த விருந்திலும் அப்படி ஒருவராவது இருப்பார். அவர் எதுவும் சொல்லாமல் ஒதுக்கி வைத்தால், கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள். விருந்தாளி பேசாமல் ஒதுக்குவதற்கு இடம் கொடுத்த மார்க்கம் இது.

பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர்கள் சிலர், இடக்கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுச் சாப்பாட்டையே குறைத்துக்கொள்கிறார்கள். நோயோ காயமோ இருந்தால் இடக்கையால் சாப்பிடுவதில் தவறில்லை என்று ஹதீஸ் அறிஞர் இமாம் நவவி எழுதியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒன்று. நிக்காஹ் விருந்துக்குக் கிளம்பும்போதே, சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை வீட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் போகும், மண்டபத்தில் சஹன் வர இன்னும் நேரமாகும், வந்த பிறகும் பெரியவர் கை வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். உணவுக்குச் சற்று முன்பு போடும் வேகமான இன்சுலினை, சாப்பாடு கண்முன்னால் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி, வியர்த்து, தலை கிறுகிறுத்தால் பெரியவருக்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி அப்போதே குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவை மறுபடி பாருங்கள்.