ஷிபாரி: கயிறு எங்கே பிடிக்கிறது?

ஷிபாரி என்னும் ஜப்பானியக் கயிற்றுக் கட்டுக் கலையின் படத்தைப் பார்த்ததும் கண் முடிச்சைத்தான் தேடும். உற்றுப் பார்த்தால் முடிச்சுகள் மிகக் குறைவு. உடம்பைச் சுற்றிவந்த கயிறு தன் மேலேயே மடங்கி, வந்த திசைக்கே திரும்பிப் போகிறது. அந்த மடிப்பில் எழும் உராய்வுதான் பிடி.

படகுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒற்றைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். அதே கணக்குதான். உராய்வுக் குணகம் 0.3 என்றால், ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு கையின் பிடி சுமார் 6.6 மடங்கு இழுவிசையைத் தாங்கும். இரண்டு சுற்றில் 43 மடங்கு. வழுக்கும் நைலான் இதற்கு உதவாது. சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள முப்புரிச் சணல் கயிற்றைப் பிசிறு போகத் தீயில் லேசாக வாட்டி, எண்ணெய் தடவிப் பதப்படுத்துவார்கள். சணல் நைலான்போலப் பளபளக்காது என்பதால், பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் ஒவ்வொரு முறுக்கும் நிழலோடு துலங்கும். படக்காரருக்கு இது பெரிய வரம்.

எடோ காலத்தில் (1603–1868) கைதிகளைக் கட்டிய ஹோஜோஜுட்சுவில் இதற்கு வேர் உண்டு. ஓவியர் இட்டோ செய்யூ (1882–1961) மாடல்களைக் கட்டிப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார். புகைப்படக் கலைஞர் நொபுயோஷி அராக்கி இதைக் கலைக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். அவரிடம் பல ஆண்டுகள் மாடலாக இருந்த பெண், ஒப்பந்தமே இல்லாமல் தாம் பட்டதை 2018இல் வெளிப்படையாக எழுதினார். அதை மறந்துவிட்டு அந்தப் படங்களைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கட்டப்படுபவரின் உடம்புதான் இங்கே எல்லை வகுக்கிறது. இழுவிசை ஒன்றே ஆனாலும், வளைவு சிறுத்தால் அழுத்தம் கூடும். மார்பைவிட மணிக்கட்டில் கயிறு அதிகம் அழுத்துவது அதனால்தான். இரட்டைக் கயிற்றை இரண்டு சுற்றாக அடுத்தடுத்துப் படியவைத்தால் நான்கு இழைகள், ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் பட்டை. அழுத்தம் பரவிவிடும். சுமை ஏறும்போது இறுகிக்கொள்ளும் சுருக்கு மட்டும் விழவே கூடாது.

பெரிய ஆபத்து ரேடியல் நரம்பில். மேற்கை எலும்பைச் சுற்றி வெளிப்புறமாக இறங்கும் இடத்தில் அதற்குப் போதிய தசைக் காப்பு இல்லை. அங்கே கயிறு அழுத்தினால் மணிக்கட்டு துவண்டு தொங்கும். சரியாகச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். வலியே இல்லாமலும் இது நடக்கும். ஆகவே கட்டுபவர் அடிக்கடி மாடலின் புறங்கையில் தன் விரலை வைத்து, "மேலே தள்ளுங்க" என்பார். தள்ளும் பலம் குறைந்தால் உடனே கட்டை அவிழ்க்க வேண்டும். முனை மழுங்கிய கத்தரி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

கயிறு அவிழ்ந்த பிறகும் தோலில் முப்புரியின் சாய்ந்த கோடுகள் அப்படியே பதிந்திருக்கும். அழுத்தத்தில் விலகிப்போன திசுநீர் மெல்லத் திரும்புவதற்குள் அந்தத் தடத்தையும் படமெடுத்துவிடுகிறார்கள்.