ஹைப்பர்த்ரெடிங்கை நிறுத்தியதும் சிபியு சதவீதம் ஏன் ஏறுகிறது?

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் உள்ள சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். சிபியுவுக்குள் உள்ள ஒவ்வொரு கோரையும் (செயலாக்கும் அலகையும்) இயங்குதளத்துக்கு இரண்டு சிபியுக்களாகக் காட்டும் வசதிதான் ஹைப்பர்த்ரெடிங். பாதுகாப்புக் காரணங்களுக்காக அதை நிறுத்தினால், மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "சார், நேத்து நாற்பது காட்டுச்சு, இன்னைக்கு எழுபது காட்டுதே, சர்வர் தாங்குமா?"

லினக்ஸானாலும் விண்டோஸானாலும், இயங்குதளம் அளப்பது நேரத்தைத்தான். ஒவ்வொரு லாஜிக்கல் சிபியுவும் (இயங்குதளம் ஒரு சிபியுவாக எண்ணும் ஒவ்வொன்றும்) ஐடில் நிலையில், அதாவது வேலையின்றி, கழித்த நேரத்தை நீக்கிவிட்டு, மீதி முழுவதையும் வேலைநேரமாக அது எழுதிக்கொள்கிறது. நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை கோர் காத்துநின்ற நேரமும் இதில் சேர்ந்துவிடும். ஒரே கோரைப் பகிரும் இரண்டு த்ரெட்களையும் (அந்தக் கோரின் இரண்டு லாஜிக்கல் சிபியுக்களையும்) முழுச் சிபியுக்களாகவே எண்ணுவதுதான் சிக்கலின் வேர். நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்ட எந்திரத்தில் கோருக்கு ஒரு த்ரெட் வீதம் நான்கு முழுமூச்சாக ஓடினால் திரையில் 50 சதவீதம் தெரியும். மீதிப் பாதி கையிருப்பில் இருப்பதாக அதைப் படிப்பது தவறு. இரண்டாவது த்ரெட்டால் கிடைக்கும் கூடுதல் பலன் பொதுவாக 30 சதவீதத்துக்குள்தான் என்பதால், அந்த எந்திரம் தன் உண்மைத் திறனில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே செலவிட்டிருக்கும். ஹைப்பர்த்ரெடிங் இல்லாதபோது அதே வேலை 100 எனக் காட்டும். என்னைக் கேட்டால், இதுவே நேர்மையான எண்.

ஆனால் பழைய எண்ணை இரண்டால் பெருக்கிப் புதிய எண்ணைக் கணிக்க முடியாது. கோரைப் பகிர்ந்தபோது ஒவ்வொரு த்ரெட்டும் மெதுவாக ஓடியதால் அதன் வேலைநேரம் நீண்டிருந்தது; தனியாக ஓடும்போது அது சுருங்குகிறது. நாற்பது எண்பதாகாமல் எழுபதில் நிற்பது அதனால்தான்.

விண்டோஸ் 8 முதல் பல பதிப்புகளில் டாஸ்க் மேனேஜர் சிபியுவின் கடிகார வேகத்தையும் கணக்கில் சேர்க்கிறது; டர்போ வேகத்தில் (வழக்கமான வேகத்தைத் தாண்டி) ஓடும் நேரத்தில் அது காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

எச்சரிக்கை வரம்புகளை மறுபடி அமைக்காமல் விட்டால் கண்காணிப்பு மென்பொருள் நள்ளிரவிலும் கைப்பேசியை அலறவைக்கும். லினக்ஸின் லோட் ஆவரேஜை (ஓடிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கும் பணிகளின் சராசரி எண்ணிக்கையை) ஒப்பிட வேண்டிய சிபியு எண்ணிக்கையும் எட்டிலிருந்து நான்காகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாக் கோர்களும் நிரம்பி ஓடும் மாதக்கடைசி பில்லிங் நேரத்தில் திறன் உண்மையிலேயே குறையக்கூடும். அதைச் சதவீதத்தை வைத்து முடிவுசெய்யாமல், ஒரு பில் பதிவாக எத்தனை வினாடி ஆகிறது என்பதை நிறுத்துவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்க வேண்டும். அந்த வினாடிகள் கூடாதவரை, எழுபதைக் கண்டு புதிய சர்வருக்குக் கொட்டேஷன் கேட்கத் தேவையில்லை.