சில்லைக் காட்டுங்கள், மிஷினைச் சொல்கிறேன்

மரக்கிளைகளைச் சில்லுகளாக வெட்டித் தள்ளும் சிப்பர் மிஷின் ஒன்றைப் பழையதாக விலை பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் அதை டிராக்டரில் மாட்டி ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டு, பெயின்ட்டைத் தட்டிப் பார்த்து, முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அது துப்பிய குப்பையை. ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினால் போதும். ஓரங்கள் சுத்தமாக வெட்டுப்பட்டு, பழைய எட்டணாக் காசு அளவில் சில்லுகள் ஒன்றுபோல இருந்தால் மிஷின் நல்ல உடம்போடு இருக்கிறது. தூளும் நாருமாக வந்து, சில்லின் ஒரு முனை நைந்து வேப்பங்குச்சியை மென்றது போல விரிந்திருந்தால் உள்ளே எங்கோ கோளாறு. "கத்தி மழுங்கிவிட்டது, புதுசு போடுங்கள்" என்பதுதான் பட்டறையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். கத்தி மழுங்கியிருக்கலாம். ஆனால் ஏன் மழுங்கியது, அது மட்டும்தான் காரணமா என்று பார்க்காமல் புதுக் கத்தி மாட்டினால் அதுவும் சீக்கிரமே அந்த நிலைக்கு வந்துவிடும்.

சிப்பர்களில் உருளை வகை உண்டு, சுத்தியல் போல அடித்து நொறுக்கும் வகை உண்டு. தோப்புகளிலும் மரம் கழிக்கும் வேலையிலும் அதிகம் கண்ணில் படுவது தட்டு வகை. அதைப் பற்றியே பேசுகிறேன். கனமான ஓர் இரும்புத் தட்டு திரிகைக் கல் போலப் படுக்காமல், வண்டிச் சக்கரம் போல நின்று சுழலும். அதன் முகத்தில் எதிரெதிராக இரண்டு கத்திகள். ஒவ்வொரு கத்திக்கு முன்னாலும் தட்டில் ஒரு நீளத் துவாரம். கிளை சாய்வாக உள்ளே வந்து தட்டில் முட்டும். கத்தி ஒரு சீவு சீவும். சீவல் துவாரம் வழியாகத் தட்டின் மறுபக்கம் போகும். அங்கே பற்றவைத்திருக்கும் துடுப்புகள் காற்றோடு சேர்த்து அதைப் புகைபோக்கி போன்ற குழாய் வழியாக வெளியே வீசும். அதாவது ஒரே தட்டு கத்தியாகவும் இருக்கிறது, காற்றாடியாகவும் இருக்கிறது. மூன்றாவதாக அது செய்யும் ஒரு வேலை வெளியே தெரியாது. அது ஓர் உண்டியல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புத் தட்டு சுமார் 55 கிலோ இருக்கும். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு, அதாவது மாட்டிய மிஷினை ஓட்டும் சுழல் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று தருகிறது. பெரிய புல்லியிலிருந்து சின்னப் புல்லிக்குப் பெல்ட் போட்டு அதை நிமிடத்துக்கு 2,000 சுற்றாக ஏற்றினால், தட்டின் விளிம்பு மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்தச் சுழற்சியில் தேங்கியிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 55,000 ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதில் இருக்கும் ஆற்றல் அவ்வளவுதான். 35 குதிரைத்திறன் டிராக்டர் இரண்டு வினாடியில் தரக்கூடியதைத் தட்டு முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. கை தடிமன் கிளையை வெட்டும் நொடியில் தேவைப்படும் மொத்த வலுவை எஞ்சினால் உடனே கொடுக்க முடியாது. உண்டியல் கொடுக்கும். கிளை போனதும் எஞ்சின் மறுபடி உண்டியலை நிரப்பும்.

இதில் ஒரு கறாரான விதி இருக்கிறது. சேமிப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 100-லிருந்து 80-க்கு இறங்கினால் சேமிப்பு 80 ஆகாது, 64 ஆகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். துடுப்புகள் தள்ளும் காற்றின் அழுத்தமும் அதே வர்க்கக் கணக்கில் விழுவதால் சில்லு குழாயில் ஏறாமல் அடைத்துக்கொள்ளும். நல்ல சிப்பர்களில் தட்டின் வேகம் குறைந்தால் உள்ளே இழுக்கும் உருளைகள் தானாக நின்று, வேகம் ஏறிய பிறகு மறுபடி இழுக்கும். பழைய மிஷினில் அந்த ஏற்பாட்டின் வயரை யாராவது பிடுங்கிவிட்டிருப்பார்கள், "அடிக்கடி நிற்கிறது" என்று. வாங்கும்போது பார்க்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

சரி, வெட்டுக்கு வருவோம். வெட்டு கத்தியில் மட்டும் நடப்பதில்லை. உள்வாய் விளிம்பில் அசையாமல் ஓர் இரும்புப் பட்டை இருக்கிறது. அடிக்கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளை அதன் மேல் சாய்ந்து நிற்க, சுழலும் கத்தி அதை ஒட்டிக் கடந்து போகிறது. நம் வீட்டுப் பாக்குவெட்டிதான் இது. பாக்குவெட்டியின் ஆணி தளர்ந்துவிட்டால் எவ்வளவு கூராக இருந்தாலும் பாக்கு வெட்டுப்படாது, நசுங்கும். சிப்பரில் சுழலும் கத்திக்கும் அடிக்கத்திக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள்தான். சரியான அளவு அந்தந்த மிஷினின் கையேட்டில் இருக்கும். அது கூடிவிட்டால் மரத்தின் நார்கள் வெட்டுப்படாமல் மடிந்து இடைவெளிக்குள் நுழைந்து, பிய்ந்து வரும். உள்ளங்கையில் பார்த்த அந்த மென்ற குச்சி இப்படித்தான் பிறக்கிறது.

இடைவெளி ஏன் கூடுகிறது? அடிக்கத்தியின் முனை தேய்ந்து உருண்டிருக்கலாம். அதைக் கழற்றித் திருப்பிப் போட்டால் போதும். பலவற்றில் நான்கு முனைகளும் பயன்படும். ஆனால் பழைய மிஷினில் நான் அதிகம் பார்த்தது பேரிங் ஆட்டம். தட்டைத் தாங்கும் தண்டு முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிக்கு அர்த்தம் போய்விடும். நிற்கும்போது அளந்தால் சரியாக இருக்கும், ஓடும்போது இருக்காது. எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கத்தி அடிக்கத்தியில் உரசி, புதுக் கத்தியும் பல்லிளிக்கும். அதனால் என் வரிசை இதுதான்: முதலில் பேரிங், அப்புறம் இடைவெளி, கடைசியாகக் கத்தி. கையில் காசு குறைவாக இருக்கும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கத் தோன்றும். நானும் ஒருமுறை அப்படிச் செய்து, ஒரு ஜோடிக் கத்தியின் விலையைத் தண்டம் கட்டியிருக்கிறேன்.

பேரிங்கைச் சோதிக்க பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினால், நல்ல பேரிங் வெண்ணெயாகப் போகும். கெட்டது உள்ளே மணல் இருப்பதுபோல் நெறுநெறுக்கும். தண்டுக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். மாதக்கணக்கில் மழையில் நின்ற மிஷினில் தண்ணீர் கிரீஸுக்குள் இறங்கி, பந்துகள் நின்ற இடத்திலேயே துருவின் வடு விழுந்திருக்கும். கிரீஸ் விஷயத்தில் தாராளமும் ஆபத்து. பேரிங் முழுக்கத் திணித்தால் பந்துகள் கிரீஸைக் கடைந்துகொண்டே சுற்றி, அந்தக் கடைசலிலேயே சூடேறும், சீலும் பிதுங்கும்.

இங்கே ஒரு விபரீதம் உண்டு. பேரிங் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவு நேரம் தட்டு சும்மா சுற்றும். எஞ்சினை நிறுத்தியதும் சத்தம் அடங்கிவிடும், மூடிக்குள் 55 கிலோ இரும்பு சில நிமிடங்களுக்கு அமைதியாகச் சுழன்றுகொண்டிருக்கும். எஞ்சின் நின்றுவிட்டதே என்று மூடியைத் திறக்கக் கூடாது. பெல்ட் கழன்று, தட்டு நின்று, பூட்டு ஊசி போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். நின்ற தட்டுகூட ஒரு கத்தியைக் கழற்றியதும் மறு கத்தியின் கனத்தால் தானாகப் புரளும். விரல் போக அது போதும்.

தட்டு வெளியே தெரியும்போதே விரிசலையும் பார்த்துவிடலாம். கத்தி உட்காரும் பள்ளத்தின் மூலைகளும் துடுப்புகளின் வெல்டிங்கும்தான் சந்தேகத்துக்குரிய இடங்கள். நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, மறுபடி உலரத் துடைத்து, சாக்பீஸை அதன் மேல் தேய்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளையில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தோன்றும். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலும் ஆகும். தட்டில் கோடு விழுந்தால் நான் பேரம் பேசுவதில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். "வெல்டிங் வைத்துக் கொடுத்துவிடுகிறோம்" என்பார்கள். 226 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விளிம்பை ஒரு வெல்டிங் கோட்டை நம்பி ஒப்படைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இனி கத்தி. சாணை பிடிப்பதில் இரண்டு எதிரிகள்: சூடும் எடையும். கத்தியின் எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துத்தான் கடினமாக்கியிருக்கிறார்கள். கைக் கிரைண்டரில் வைத்து அழுத்தினால் மெல்லிய முனை நொடியில் சூடேறும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நீலம். நீலம் படர்ந்த இடத்தில் எஃகு இளகத் தொடங்கியிருக்கலாம். பளபளவென்று கூராக வந்த கத்தி அரை நாளில் மழுங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால் தண்ணீர் பாயும் சர்ஃபேஸ் கிரைண்டர் உள்ள பட்டறையில் கொடுத்து, பழைய சாய்வுக் கோணத்தை மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கச் சொல்ல வேண்டும்.

எடை விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு கத்தியில் பெரிய பல் விழுந்திருக்கிறது, மற்றதில் இல்லை என்று ஒன்றை மட்டும் அதிகம் தேய்த்தால், அது 50 கிராம் இலேசாகிவிடலாம். மளிகைக் கடையில் 50 கிராம் கடுகு. நிமிடத்துக்கு 2,000 சுற்றில், மையத்திலிருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி, அந்த வித்தியாசம் சுமார் 49 கிலோ எடைக்குச் சமமான இழுப்பாக மாறும். அந்த இழுப்பு வினாடிக்கு 33 தடவை எல்லாத் திசையிலும் சுற்றிச்சுற்றிப் பேரிங்கை அடிக்கும். எனவே இரண்டு கத்திகளையும் ஜோடியாகத் தேய்த்து, தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசு தாராளமாகப் போதும். வீட்டில் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்.

கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் முறுக்கும்போது கொஞ்சம் நீண்டு, ஸ்பிரிங் போல இழுத்துப் பிடிக்கின்றன. அளவுக்கு மேல் முறுக்கினால் அந்தத் துள்ளல் செத்துவிடும். குறைவாக முறுக்கினால் கத்தி நகரும். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரில் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கி, பழைய போல்ட்டுக்குப் பதில் அதே தரப் போல்ட்டைப் போட வேண்டும். கடையில் "இதுவும் அதே சைஸ்தான்" என்று தரும் சாதாரணப் போல்ட்டைத் தொடாதீர்கள். பி.டி.ஓ. தண்டில் இருக்கும் ஒரு போல்ட் மட்டும் இதற்கு நேர் எதிர். ஏதாவது சிக்கினால் தான் முறிந்து மிஷினைக் காப்பதற்காகவே அதை மென்மையாகச் செய்திருக்கிறார்கள். அடிக்கடி முறிகிறதே என்று அங்கே கெட்டிப் போல்ட் போட்டால், அடுத்த முறை கியர் முறியும்.

பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக: வி-பெல்ட் தன் பக்கவாட்டால்தான் புல்லியைக் கவ்வுகிறது. புல்லியின் பள்ளம் தேய்ந்து, பெல்ட்டின் அடிவயிறு தரையைத் தொட்டுவிட்டால் பிடிமானம் போச்சு. புதுப் பெல்ட் போட்டாலும் வழுக்கும். இழுத்துக் கட்டினால் அந்த இழுப்பையும் பாவம், பேரிங்தான் சுமக்கும். பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னினால் புல்லியை மாற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் தென்னை மட்டை போட்டால் மட்டும் நார் நாராக வருகிறதே என்பார்கள். அது மிஷினின் குற்றம் இல்லை. வேம்பு, புளி போன்ற மரங்களின் கட்டையில் கத்தி குறுக்கே வெட்டும்போது, சீவல் தன் நார்ப்போக்கில் தானாகவே பிளந்து சில்லாகும். தென்னை புல் இனத்துக்குச் சொந்தக்காரன். அதன் மட்டையில் மிருதுவான சதைக்குள் நீளநீளமான நார்க்கற்றைகள் ஓடுகின்றன. சதை நழுவிக் கொடுக்கும், நார் வளைந்து தப்பிக்கும், தப்பித்த நார் தண்டில் கயிறாகச் சுற்றும். போதாக்குறைக்குப் பனைக் குடும்பத்து மரங்களின் திசுக்களில் சிலிக்கா துகள்கள், அதாவது மணலின் அதே பொருள், உண்டு. உள்ளிருந்தே கத்தியைத் தேய்க்கும். எனவே மட்டைக்கு இடைவெளியைக் கையேடு அனுமதிக்கும் குறைந்த அளவுக்கு நெருக்கி, கத்தியை அடிக்கடி சாணை பிடித்து, நாள் முடிவில் தண்டில் சுற்றிய நாரை அறுத்தெடுக்க வேண்டும். மரத்தடியில் பரப்பும் மூடாக்குக்குத்தான் போகிறது என்றால் கொஞ்சம் நார் இருந்தால் தென்னை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

எல்லாம் மாட்டி முடிந்ததும் வெறுமனே பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, தட்டு முழுதாக நின்ற பிறகு பேரிங் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். அப்புறம் மணிக்கட்டுத் தடிமனில் நேரான வேப்பங்கிளை ஒன்றை விட்டு, வெளியே விழுவதை அள்ளிப் பாருங்கள். குவியலில் ஒன்றிரண்டு நீளச் சிராய்கள் கிடக்கும். கிளையின் கடைசி அரையடியைப் பின்னாலிருந்து பிடிக்க ஆளோ உருளையோ இல்லாததால் அது புரண்டு, குறுக்கும் நெடுக்குமாக வெட்டுப்படும். புத்தம்புது மிஷினிலும் அது அப்படித்தான் வரும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.