ஒற்றைவரி உள்ளீட்டுப் புலம்: ஒரு சொல் விளக்கம்

வரைகலை இடைமுகம் கொண்ட நிரல்களில், பயனர் தம் பெயரையோ கைபேசி எண்ணையோ தேடவேண்டிய சொல்லையோ விசைப்பலகை வழியே தருவதற்கென ஒரே வரி உயரமுள்ள ஒரு செவ்வகம் ஒதுக்கப்பட்டிருக்கும். எல்லாரும் நாள்தோறும் பயன்படுத்தும் இந்தச் செவ்வகத்துக்கு ஆங்கிலத்திலேயே ஒரு பெயர் நிலைபெறவில்லை. ஜாவா நிரல்மொழியில் அது டெக்ஸ்ட்ஃபீல்டு, விஷுவல் பேசிக்கில் டெக்ஸ்ட்பாக்ஸ், டிகே என்ற இடைமுகக் கருவித்தொகுப்பிலும் அதைப் பைத்தான் மொழிக்குக் கொண்டுவரும் டிகின்டரிலும் என்ட்ரி, கியூட் நூலகத்தில் கியூலைன்எடிட், விண்டோஸின் அடித்தளத்தில் வெறும் எடிட், வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் டெக்ஸ்ட் வகையைச் சேர்ந்த இன்புட். ஃபீல்டு என்ற பெயர் இடத்தைப் பார்த்து இடப்பட்டது; பாக்ஸ் அந்த இடத்தின் வடிவத்தைப் பார்க்கிறது; எடிட் அங்கே நடக்கும் செயலையும், என்ட்ரி அச்செயலால் பதிவாவதையும் சொல்கின்றன. தமிழில் ஒரு சொல்லைத் தேர்வதற்கு முன்னர், இவற்றுள் எதை அச்சொல் தாங்கவேண்டும் என்று முடிவு செய்தாகவேண்டும்.

இவற்றுள் நீண்ட வரலாறு உடையது ஃபீல்டு. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் திறந்தவெளி நிலம் என்பது பொருள். கணிப்பீட்டுத் துறைக்குள் அது திரைகள் வருவதற்கு வெகுமுன்பே, தரவைத் துளைகளாகப் பதியும் துளையட்டைகளின் வழியாக நுழைந்துவிட்டது. 1928-இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த 80 நெடுவரிசை அட்டையில், அடுத்தடுத்து அமைந்த சில நெடுவரிசைகளை ஒரு தரவுக்கென வகுத்து, அந்தத் தொகுதியை ஃபீல்டு என்று அழைத்தனர். ஊழியர் எண்ணுக்கு 6 நெடுவரிசை, பெயருக்கு 20 நெடுவரிசை என்று வகுத்துக்கொண்டால், இருபத்தோராவது எழுத்து பக்கத்துத் தரவின் எல்லைக்குள் போய்விடும். ஆகவே பெயரைச் சுருக்கியே துளையிடவேண்டும். எல்லை வகுத்த நிலம் என்ற உணர்வு அங்கே முழுமையாகப் பொருந்தியிருந்தது.

மையக் கணினியோடு இணைக்கப்பட்டு, திரையும் விசைப்பலகையும் கொண்டு 1971-இல் வெளிவந்த ஐபிஎம் 3270 வகை முனையங்கள் இந்த ஏற்பாட்டை அட்டையிலிருந்து திரைக்கு மாற்றின. அவற்றின் திரையில் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு பண்புக்குறியுடன் தொடங்கும். திரையில் ஓர் எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அக்குறி, அதைத் தொடரும் பகுதி பூட்டப்பட்டதா, எழுதத்தக்கதா, எண்களுக்கு மட்டும் உரியதா என்பதை முனையத்துக்கு அறிவிக்கும். எழுதுவதும் திருத்துவதும் முனையத்தின் அளவிலேயே நடந்தன. என்டர் விசையை அழுத்தியபின்னரே மாற்றப்பட்ட ஃபீல்டுகள் மையக் கணினிக்குச் சென்றன. இன்று ஒரு வலைப்படிவத்தை நிரப்பி அனுப்பும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுவே என்பதைக் காணும்போது, வலையின் பல வழக்கங்களுக்கு நாம் நினைப்பதைவிட வயது கூடுதல் என்று தோன்றுகிறது.

வரைகலை இடைமுகம் இதனுடன் சேர்த்தது, எந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலும் சுட்டியால் சொடுக்கி அங்கிருந்தே எழுதத் தொடங்கும் வசதியை. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1970-களின் நடுவில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கிய, ஆவணங்களை எழுதித் திருத்தும் ஜிப்ஸி என்ற நிரலில், செருகும் நிலைக்கு ஒரு கட்டளை, அதிலிருந்து வெளியேற இன்னொரு கட்டளை என்ற பழைய முறை கைவிடப்பட்டது. 1984-இல் வந்த மேக்கின்டாஷின் உரையாடல் சாளரங்களிலும், 1985-இல் வந்த விண்டோஸின் முதற்பதிப்பிலும் இவ்வகைச் செவ்வகங்கள் இடம்பெற்றன. 1991-இல் விஷுவல் பேசிக் வெளியானபின், கருவிப்பட்டையிலிருந்து ஒரு செவ்வகத்தை இழுத்துப் படிவத்தில் வைப்பது நிரலாக்கம் பயில்வோரின் முதற்பாடங்களுள் ஒன்றாயிற்று. டெக்ஸ்ட்பாக்ஸ் என்ற பெயரும் அவ்வழியே பரவியது.

பாக்ஸ் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தால் செய்த சிமிழுக்கு முதலில் ஆகிவந்து, பின்னர் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாயிற்று. டெக்ஸ்ட் என்பதன் வேர் நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினை. துணியைக் குறிக்கும் டெக்ஸ்டைல் என்பதும் அதிலிருந்து பிறந்ததே. சொற்களால் நெய்யப்பட்டது டெக்ஸ்ட் என்ற இந்தப் பொருள் கட்டுரைக்கும் கதைக்கும் நன்றாகப் பொருந்தும். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண்ணை வாங்கும் செவ்வகத்துக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

நிரலாளர் டெக்ஸ்ட் என்று சொல்லும்போது கருதுவது வேறொன்று. அந்தச் செவ்வகத்திலிருந்து நிரலுக்குக் கிடைப்பது எதுவாயினும் அது எழுத்துகளின் வரிசையாக, அதாவது சரமாகவே கிடைக்கும் என்பதே அங்கே டெக்ஸ்ட் என்பதன் பொருள். டிகின்டரில் இரண்டு என்ட்ரிகளை வைத்து, ஒன்றில் 12 என்றும் மற்றொன்றில் 7 என்றும் எழுதி, கெட் என்ற செயற்கூறால் இரண்டையும் பெற்று அப்படியே கூட்டினால் 19 கிடைக்காது, 127 கிடைக்கும். ஒன்றன்பின் ஒன்றாக இரு சரங்கள் ஒட்டப்பட்டதால் வந்த விடை இது. எண்ணாக மாற்றும் கடமை நிரலாளருடையது; அப்படி மாற்றும்போது பயனர் எண்ணுக்குப் பதில் வேறெதையாவது எழுதியிருக்கலாம் என்பதற்கும் அவர் வழிசெய்யவேண்டும்.

இனி, ஒற்றைவரி என்ற அடைமொழி. உயரம் குறைவு என்பதைச் சொல்வதற்காக மட்டும் அது சேர்க்கப்பட்டதாகப் பலர் கொள்கின்றனர். அந்தச் செவ்வகத்தை நூறு படப்புள்ளி உயரத்துக்கு நீட்டினாலும் அது ஒற்றைவரியாகவே இருக்கும். ஏனெனில் வரிமுறிவு என்ற குறியை அது தன் மதிப்பின் பகுதியாக ஏற்பதில்லை. இன்றைய எச்டிஎம்எல் வரையறை, டெக்ஸ்ட் வகை இன்புட்டின் மதிப்பில் வரிமுறிவுகள் இருந்தால் உலாவி அவற்றை நீக்கிவிடவேண்டும் என்கிறது. மூன்று வரியில் எழுதிய முகவரியை எடுத்து அதில் ஒட்டினால் மூன்றும் ஒரே வரியாகிவிடும். வரிமுறிவின் இடத்தில் இடைவெளியைச் சேர்க்காத உலாவியானால், வரியின் இறுதியில் இடைவெளி விடாதவருக்குத் தெருவின் பெயரும் ஊரின் பெயரும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வரிமுறிவுக்கு வேலையில்லை என்பதால், என்டர் விசை வேறு வேலைக்குக் கிடைக்கிறது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே, ஒரு படிவத்தில் ஒற்றைவரிப் புலம் ஒன்றே ஒன்று இருக்குமானால், அதில் என்டர் அழுத்துவதைப் படிவத்தை அனுப்பும் வேண்டுகோளாக உலாவி ஏற்கவேண்டும் என்ற குறிப்பு உள்ளது. தேடுபொறியில் சொல்லை எழுதி என்டரைத் தட்டியதும் விடை வருவது இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. ஜாவாவின் ஸ்விங் தொகுப்பில் ஜேடெக்ஸ்ட்ஃபீல்டில் என்டர் அழுத்தினால், அதை நிரலுக்கு அறிவிக்கும் ஒரு செயல் நிகழ்வு எழும். கியூட்டில் ரிட்டர்ன்பிரஸ்டு என்ற சமிக்ஞை எழும். ஜேடெக்ஸ்ட்ஏரியா போன்ற பலவரிப் பகுதிகளில் அதே விசை வெறுமனே அடுத்த வரியைத் தொடங்கும். ஆக, ஒற்றைவரி என்பது ஓர் அளவைக் குறிக்கும் சொல்லன்று. எதை ஏற்கும், என்டருக்கு எப்படி விடையளிக்கும் என்ற நடத்தையைக் குறிக்கும் சொல். தமிழ்ப்பெயரிலிருந்து அதை விட்டுவிட்டால் பொருளில் பாதி போய்விடும்.

மென்பொருள் தமிழாக்கங்களில் பெரிதும் காணப்படுவது உரைப்பெட்டி என்ற சொல். (ஒற்று மிகாமல் உரை பெட்டி என்று பட்டிகளில் எழுதுவது பிழை, ஏனோ அதுவே அதிகம் கண்ணில் படுகிறது.) இச்சொல்மீது எனக்கு மூன்று தடைகள் உண்டு. தமிழில் உரை என்பது பேச்சையும், நூலுக்கு எழுதும் விளக்கத்தையும், உரைநடையையும் குறிப்பது. ஓரளவு தொடர்ந்து செல்லும் பேச்சு என்ற உணர்வு அதில் எப்போதும் உண்டு. கடவுச்சொல்லையோ வாகன எண்ணையோ யாரும் உரை என்று சொல்லமாட்டார்கள். அடுத்து, இடைமுகத்தில் பெட்டிகள் ஏற்கெனவே மலிந்துவிட்டன: பட்டியல் பெட்டி, தேர்வுப்பெட்டி, செய்திப் பெட்டி, உரையாடல் பெட்டி. இவற்றுள் கடைசியானது சிறுசாளரத்தைக் குறிப்பது. உரையாடல் பெட்டிக்குள் உரைப்பெட்டி உள்ளது என்று ஒரு பாடநூலில் எழுதினால், புதிதாகப் படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே கொள்வார். மூன்றாவதாக, ஆவணங்களிலும் காட்சிவில்லைகளிலும் படத்தின்மேல் மிதக்குமாறு வைக்கப்படும் எழுத்துச் சட்டத்துக்கும் ஆங்கிலத்தில் டெக்ஸ்ட்பாக்ஸ் என்றே பெயர். அதில் எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம், அது எந்த நிரலுக்கும் மதிப்பைத் தருவதில்லை. உரைப்பெட்டி என்ற சொல்லை அந்தச் சட்டத்துக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது.

புலம் என்ற சொல்லுக்கு வருவோம். விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பவனின் நிலத்தில் விதைக்கவும் வேண்டுமா என்று கேட்கும் 85-ஆம் குறள், "மிச்சில் மிசைவான் புலம்" என்று முடிகிறது. அங்கே புலம் என்பது விளைநிலம். இடம், திசை, அறிவு, பொறிகளால் அறியப்படுவது என்று அது பின்னும் விரியும். ஆங்கிலத்தில் நிலத்தைக் குறித்த சொல் தரவுக்கு ஒதுக்கிய இடத்தைக் குறிப்பதாக வளர்ந்தது போலவே, தமிழில் நிலத்தைக் குறித்த சொல்லும் அப்பொருளுக்கு இயல்பாக இடம்கொடுக்கிறது. தரவுத்தளங்களைப் பற்றிய தமிழ் நூல்களில் ஃபீல்டு என்பதற்குப் புலம் என்றே எழுதும் வழக்கமும் உள்ளது. படிவத்தில் ஒரு புலம் நிரப்பப்பட்டு, தரவுத்தளத்தில் ஒரு புலத்தில் சேர்கிறது என்று சொல்லும்போது, இரண்டுக்கும் உள்ள உறவு சொல்லிலேயே தெரிகிறது. இயற்பியலார் மின்புலம், காந்தப்புலம் என்பதும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தன் ஆய்வுப் பிரிவுகளைச் சுவடிப்புலம், மொழிப்புலம் என்று அழைப்பதும் இதற்கு இடையூறாகா. முன்னே வரும் சொல் துறையைக் காட்டிவிடும்.

அப்படி முன்னே நிற்கத்தக்க சொல் உள்ளீடு. பழைய வழக்கில் உள்ளீடு என்பது உள்ளே இருக்கும் பொருள், சாரம். உள்ளீடற்ற பேச்சு என்று நாம் இன்றும் சொல்வதில் அப்பொருள் உயிரோடு இருக்கிறது. கணினி வழக்கில் அது வெளியிலிருந்து உள்ளே இடப்படுவதைக் குறிக்கத் தொடங்கி, வெளியீடு என்பதற்கு இணையாக நிலைத்துவிட்டது. உள்ளிடு என்ற வினையும், உள்ளிடுக என்ற வியங்கோளும் அதனோடு தடையின்றி வருவது இன்னொரு வசதி. எனவே நூல்களிலும் நிரல் ஆவணங்களிலும் ஒற்றைவரி உள்ளீட்டுப் புலம் என்று முதலில் முழுமையாக எழுதி, பின்னர் உள்ளீட்டுப் புலம் என்று சுருக்கலாம் என்பது என் கருத்து. இன்னும் சுருக்கி வரிப்புலம் என்று ஆக்கிப் பார்க்கலாம். ஆனால் வரித்துறைப் படிவம் ஒன்றில் அச்சொல் வந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணி அதைக் கைவிடுவதே தகும். கட்டம் என்ற சொல்லையும் ஒதுக்க முடியாது. அச்சிட்ட விண்ணப்பங்களில் கட்டத்தை நிரப்பிப் பழகியவர்களுக்கு அது உடனே விளங்கும். பயனரை நோக்கிய அறிவிப்புகளில், இந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை உள்ளிடுக என்று எழுதுவதில் குறையேதும் இல்லை.

தமிழை வாங்கவேண்டிய புலத்தை அமைப்பவர் இன்னும் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். புலத்தின் அகலமும் அது ஏற்கும் எழுத்து எண்ணிக்கையும் வெவ்வேறானவை. எச்டிஎம்எல்லில் சைஸ் என்பது முன்னதையும் மேக்ஸ்லெங்த் என்பது பின்னதையும் வரையறுக்கும்; அகலத்தை மீறி எழுதினால் எழுத்துகள் இடப்பக்கமாக நகர்ந்து மறையும், அழியா. ஜேடெக்ஸ்ட்ஃபீல்டில் 20 நெடுவரிசை என்று கொடுத்தால், அந்த எழுத்துருவில் ஆங்கிலச் சிற்றெழுத்து எம் பிடிக்கும் அகலத்தைப்போல் இருபது மடங்கு என்பதே கணக்கு. ணை, ஞௌ போன்ற எழுத்துகளைக் கொண்ட தமிழ்ச்சொற்களுக்கு அந்தக் கணக்கு எட்டாது. எண்ணிக்கையில் சிக்கல் இதைவிடப் பெரிது. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், தமிழ் என்ற மூவெழுத்துச் சொல் 5 குறியீடுகளாகிறது. அக்குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட்டு. திருச்சிராப்பள்ளி என்பதில் நாம் எண்ணுவது 9 எழுத்து, கணினி எண்ணுவது 17. மேக்ஸ்லெங்த் 12 என்று வைத்த புலத்தில் அந்த ஊர் திருச்சிராப் என்பதோடு நின்றுவிடும்.

எழுத்துகள் மட்டுமே வரவேண்டும் என்று சரிபார்க்கும் இடத்திலும் இதே தொல்லை உண்டு. பைத்தானில் இஸ்ஆல்ஃபா என்ற செயற்கூறு மர என்ற சொல்லை ஏற்கும். மரம் என்றால் மறுத்துவிடும். புள்ளியை அது எழுத்தாகக் கொள்வதில்லை; யூனிகோடு வகைப்பாட்டில் புள்ளி ஒட்டுக்குறி. ஒவ்வொரு விசைக்கும் உடனுக்குடன் சரிபார்க்கும் புலம் என்றால், பயனர் புள்ளியிட முயலும்தோறும் அது விழுங்கப்படும். விசைப்பலகை பழுதென்றே அவர் நினைப்பார். எழுத்துகளோடு ஒட்டுக்குறி வகைகளையும் சேர்த்து ஏற்குமாறு சரிபார்ப்பை எழுதி, அதையும் புலத்தைவிட்டு வெளியேறும்போது மட்டும் நடத்துவது இதற்குத் தீர்வு.

கிளைச்சொற்களை அமைப்பது எளிது. எழுதுவதை மறைத்துப் புள்ளிகளாகவோ உடுக்குறிகளாகவோ காட்டும் வகை கடவுச்சொல் புலம். தேடலுக்கானது தேடல் புலம். பார்க்கமட்டும் விட்டு எழுதவிடாத நிலையில் இருப்பது பூட்டிய புலம். எழுதுவதற்கு முன் மங்கலாகத் தெரிந்து, எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடும் சொற்களை மாதிரிக்குறிப்பு எனலாம்; அது மறைந்துவிடுவதால், புலத்துக்கு வெளியே நிலையாக நிற்கும் பெயர்க்குறிப்புக்கு ஈடாகாது. டெக்ஸ்ட்ஏரியா என்பதற்கு உரைப்பகுதி என்று எழுதலாம். வரிமுறிவை ஏற்று, பத்தி பத்தியாக எழுத இடம்தருவது அது என்பதால் உரை என்ற சொல் அங்கே பொருந்தி நிற்கிறது.